சீல் வைத்த மாவு

சுற்றுச்சூழல் பொறியியல் படித்தவனுக்கு இந்த நாட்டில் வேலைக்குப் பஞ்சமே இருக்காது என்று கல்லூரியில் சேரும்போது சுதனிடம் சொன்னார்கள். பொய் சொல்லவில்லை. இத்தனை அசுத்தம் இருக்கும்போது வேலை எப்படி இல்லாமல் போகும்? அந்த வேலை அசுத்தத்தை எடுப்பதா, அசுத்தம் இல்லை என்று எழுதிக் கொடுப்பதா என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டியது அவன் பொறுப்பு.

முதல் வேலை மும்பையில், செம்பூரில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில். கட்டடம் கட்டுகிறவர்களுக்குச் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை தயாரித்துக் கொடுக்க வேண்டும். அறிக்கை எப்போதோ தயாராகிவிட்டது, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் போதும். ஒருமுறை அவசரத்தில் ஒரு பக்கத்தை மாற்ற மறந்துவிட்டான். பன்வேல் பக்கம் வரப்போகும் பதினெட்டு மாடிக் கட்டடத்தால் அங்குள்ள ஒட்டகங்களுக்குப் பாதிப்பு ஏதுமில்லை என்று அறிக்கை போய்விட்டது. அனுமதி கிடைத்தது. ஒட்டகங்கள் தரப்பிலும் ஆட்சேபணை வரவில்லை.

இரண்டாவது வேலை ஒரு பணக்காரக் குடியிருப்பில், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பொறுப்பாளர். அதிகாரிகள் பார்வையிட வரும் நாளில் மட்டும் மோட்டாரை ஓட்டுவது அங்கே வழக்கம். சுதன் விவரம் தெரியாமல் தினமும் ஓட்டினான். கழிவுநீர் சுத்தமாகிக்கொண்டிருப்பது கரண்டு பில்லில் தெரிந்துபோய், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாவதுதான் அரசாங்க உத்தியோகம். பெருநகர வாடை நிர்ணய வாரியத்தில் இளநிலைப் பொறியாளர், தற்காலிகம். நகரத்தில் எங்கே நாற்றம் அடிக்கிறது, எவ்வளவு அடிக்கிறது, அடிப்பது சட்டப்படி அடிக்கிறதா என்று தீர்மானிக்கிற வாரியம் அது. உத்தரவு வந்த அன்று கோவண்டியில் அவர்கள் தெருவே கூடி நின்று கை தட்டியது. அதற்குக் காரணம் இருந்தது.

தாராவியிலிருந்து கோவண்டிக்குக் குடிபெயர்ந்த நாளிலிருந்து சுதனின் அம்மா இசக்கியம்மாள் இட்லி மாவு அரைத்து விற்கிறாள். செம்பூர், மாட்டுங்கா ஓட்டல்கள் வரைக்கும் அவள் மாவுக்குப் பேர் உண்டு. சுதனைப் படிக்க வைத்தது அந்த கிரைண்டர்தான். போன வருஷம் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் இயற்கை உர மையம் என்று ஒரு கொட்டகை வந்தது. மீன் மார்க்கெட் கழிவு முழுக்க அங்கே வந்து இறங்கும். அது உரமாக வேண்டும் என்பது திட்டம். அதற்கு முன்னால் அது என்னவெல்லாமோ ஆயிற்று.

"ஏல சுதன், மாவ மூடித்தானல வைக்கேன்? மூடிக்குள்ள போயும் உக்காந்துக்கிடுதே அந்த நாத்தம்! மாட்டுங்கா ஓட்டல்காரரு இன்னைக்குத் தூக்கோட திருப்பிக் குடுத்துட்டாரு. 'அம்மா, எங்க கஸ்டமர் பூராவும் சுத்த சைவம், ஒங்க இட்லி மீன் வாடை அடிக்கி'ன்னு சொல்லுதாரு."

"எம்மா, நான் எழுதிக் குடுத்திருக்கேன். கமிட்டி பாக்கும்."

"நீதானல கமிட்டி?"

"நான் டெம்ப்ரவரி."

"நாத்தம் பர்மனெண்டா இருக்கு, நீ டெம்ப்ரவரியா? நல்லாருக்குல ஒங்க ஆபீஸு. இப்படியே போச்சுன்னா கிரைண்டர வித்துட்டு நான் யாரு வீட்டுலயாவது பாத்திரம் தேய்க்கத்தான் போவணும், சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு அவள் அன்றைய மாவைச் சாக்கடையில் கொட்டினாள். அவள் மாவைக் கொட்டி சுதன் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வாரியம் செம்பூரில் ஐந்தாவது மாடியில், ஏசி போட்ட கூடத்தில் இருந்தது. தலைவர் நாணு, செயலாளர் வந்தனா, அவர்களுக்குக் கீழே ஒரு வரிசை நிபுணர்கள். நாணுவும் வந்தனாவும் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழர்கள். மற்றவர்களிடம் ஆங்கிலத்தில் பேசுவார்கள், கடைநிலை ஊழியர்களிடம் இந்தியில் பேசுவார்கள். தமிழைச் சுதனைத் திட்டுவதற்கென்று வைத்திருந்தார்கள்.

வேலையில் சேர்ந்த அன்றே நாணு அவனுக்கு வாரியத்தின் தத்துவத்தை விளக்கினார்.

"மூக்குங்கறது உணர்ச்சி ஆக்கும். நிர்வாகத்துல உணர்ச்சிக்கு எடம் கெடையாது. ஜனங்க நாத்தம் நாத்தம்னு கத்துவா. கத்தறவாளுக்கெல்லாம் நாத்தத்தை அங்கீகாரம் பண்ணிண்டிருந்தா இந்த ஊர் என்னத்துக்கு ஆகும்? நாத்தம் அடிக்கறதுங்கறது ஒண்ணு, அது நிரூபணம் ஆறதுங்கறது வேற. நம்ம சர்வீஸ்ல இதுவரை ஒண்ணுகூட நிரூபணம் ஆனதில்லை. இத்தனை பெரிய நகரத்துல இதைவிட என்ன சாதனை வேணும், சொல்லு!"

வாரியத்தின் தீர்ப்புகள் மூன்று வகை. 'இல்லை' என்பது முதல் வகை. சற்றுக் கௌரவமானவர்கள் புகார் செய்திருந்தால் 'இருப்பினும் இல்லை'. மற்றதெல்லாம் 'ஆய்வில் உள்ளது'. நான்காவது வகை ஒன்று தேவைப்படும் என்று வாரியத்தை நிறுவியவர்களுக்குத் தோன்றவில்லை.

நிபுணர்கள் நாற்றம் அடிக்கும் இடத்துக்குப் போகக் கூடாது. போனால் நிபுணத்துவ மூக்கு கெட்டுவிடும் என்று விதி. எனவே இடத்தின் காற்று பிளாஸ்டிக் பைகளில் கூடத்துக்கு வரும். அதைப் பிடித்து வருகிறவர் ஆபீஸ் பியூன் காசிம். கோவண்டி பக்கம் டிராஃபிக் அதிகமாக இருந்தால் வழியிலேயே எங்காவது பையை விரித்துப் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவார். காற்று எங்கும் நிறைந்ததுதானே என்பது அவர் கட்சி.

பை வந்ததும் தலைவர் முதலில் முகர்வார். பிறகு பதவி வரிசைப்படி ஒவ்வொருவராக முகர வேண்டும். ஆனால் யாரும் பையைப் பார்ப்பதில்லை, எல்லாக் கண்களும் தலைவரின் முகத்தில் இருக்கும். தலைவர் முகம் மலர்ந்தால் எல்லோர் முகமும் மலரும். கடைசி ஆளிடம் வரும்போது பையில் காற்றே இருக்காது. அவர்தான் எல்லோரையும்விட ரொம்ப நேரம் முகர்வார், உத்தியோக உயர்வு நெருங்கிக்கொண்டிருந்ததால்.

கோவண்டிப் பை வந்தது. நாணு முகர்ந்தார். "இல்லை" என்றார். இல்லை, இல்லை என்று வரிசையாக எதிரொலித்து முடிந்ததும் சுதன் எழுந்தான்.

"சார், அந்தத் தெருவுல குடியிருக்கற யாரையாவது கூப்பிட்டுக் கேக்கலாமே?"

"அவாளுக்குப் பழகிப்போன மூக்கு," என்றாள் வந்தனா. "விதிப்படி செல்லாது."

"அப்ப வெளியாளைக் கூட்டிட்டுப் போய்..."

"வெளியாளுக்கு அங்க என்ன வேலை? எடமே தெரியாதவனோட அபிப்பிராயத்தை எப்படி எடுத்துக்கறது?"

"அப்ப யாரோட மூக்குதான் மேடம் செல்லும்?"

"சம்பந்தமே இல்லாத மூக்கு," என்று வந்தனா பெருமையோடு கூடத்தைச் சுற்றிக் காட்டினாள். "தவிர, நீங்களும் அந்தத் தெருதானே? ஆபீஸ் நேரத்துல உங்க மூக்கை உபயோகிக்க மாட்டேன்னு இன்னும் எழுதிக் குடுக்கலையே?"

அன்று இரவு யோசித்து, மறுநாள் காலையில் சுதன் ஒரு காரியம் செய்தான். காற்றைத்தானே மாற்ற முடியும், மாவை மாற்ற முடியாதே என்று, ஓட்டல்காரர் மறுபடியும் திருப்பி அனுப்பிய மாவை அம்மா கொட்டுவதற்கு முன்னால் தூக்குவாளியோடு ஆபீசுக்கு எடுத்துப் போனான். கூட்டம் தொடங்கியதும் மேஜை நடுவில் வைத்து மூடியைத் திறந்தான். நிபுணர்களில் இருவர் நாற்காலியோடு பின்னால் போனார்கள். ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்தக் கூடத்தில் உண்மை அடித்தது.

நாணு வாளிக்குள் முகத்தையே விட்டார். நிதானமாக இழுத்தார். நிமிர்ந்தபோது அவர் மூக்கு நுனியில் மாவு ஒட்டியிருந்தது.

"பேஷ்! நன்னாப் பொங்கியிருக்கு. ரெண்டு தோசை வார்த்துப் போட்டா ஜோரா இருக்கும். வாடையா? எங்கே?"

பின்னால் போன நாற்காலிகள் முன்னால் வந்தன. வாயைப் பொத்தியவர் அந்தக் கையாலேயே மீசையைத் தடவிக்கொண்டார். இல்லை, இல்லை, இல்லை.

கூட்டம் முடிந்து வெளியே வந்த சுதனைக் காசிம் படிக்கட்டு ஓரமாக ஒதுக்கினார். அவரும் தமிழர்தான், பூர்வீகம் பேட்டை, வளர்ந்தது தாராவி.

"தம்பி, விஷயம் ஒமக்குத் தெரியாதா? ஸாபுக்குக் கொரோனாவுல மூக்கு போயிருச்சு. அதுக்கப்பறம் ஒரு வாசனையும் கெடையாது. கெட்டுப்போன பால்ல டீ போட்டுக் குடுத்தேன் ஒருநாளு, ஃபஸ்ட் கிளாஸ்னுட்டுக் குடிச்சிட்டுப் போறாரு."

"எல்லாருக்கும் தெரியுமா பாய்?"

"எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியுங்குறதுதான் யாருக்கும் தெரியாது."

சுதன் நேரே நாணுவின் அறைக்குப் போனான். அவனுக்கு அப்போது வந்த கோபத்தில் தற்காலிகம் என்பதுகூட மறந்துவிட்டது.

"சார், உங்களுக்கு வாசனை தெரியாதுன்னு சொல்றாங்க."

நாணு கோபப்படவில்லை. கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஆமாம், தெரியாது. அதுக்கென்ன? தெரிஞ்சவன் பாரபட்சம் பார்ப்பன். தெரியாதவன் எல்லா நாத்தத்தையும் சமமா நடத்துவன். இந்த நாற்காலிக்கு என்னைவிட நடுநிலையான மூக்கு எங்க கெடைக்கும் நோக்கு? இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கு, கண்ணா. நீயும் பர்மனெண்ட் ஆகணும். போய் வேலையைப் பாரு."

வேலையைப் பார்க்கப் போன சுதனுக்கு அங்கே இன்னொரு அதிர்ச்சி காத்திருந்தது. வந்தனா தூக்குவாளிக்கு அரக்கு வைத்துச் சீல் போட்டு, ஆவண அலமாரியில் பூட்டி, அலமாரிக்கும் சீல் போட்டுக்கொண்டிருந்தாள். விசாரணைக்கு வந்த மாதிரிப் பொருள் இறுதி ஆணை வரும்வரை மாறாத நிலையில் பாதுகாக்கப்பட வேண்டும் என்பது விதி.

"மேடம், அது இட்லி மாவு. பொங்கும்."

"பொங்கக் கூடாது. மாதிரி எந்த மாறுதலும் அடையக் கூடாதுன்னு தெளிவாப் போட்டிருக்கு."

"மாவுக்கு அது தெரியாதே மேடம்."

"அப்படின்னா தெரியப்படுத்தி ஒரு மெமோ போடுங்கோ."

அது மே மாதம். மும்பையின் மே மாதத்தில் வெளியே வைத்த மாவு என்ன செய்யும் என்பது மாவு அரைக்கிற எவருக்கும் தெரியும். வாரியத்தில் மாவு அரைக்கிறவர்கள் யாரும் இல்லை. சனி, ஞாயிறு ஏசி நிறுத்தியிருந்தார்கள். திங்கட்கிழமை காலை அலமாரியின் அடியிலிருந்து வெள்ளையாக ஏதோ நடந்து வந்து தலைவர் நாற்காலி வரை போயிருந்தது. காசிம் துடைத்தார். மறுநாளும் துடைத்தார். அதன் பிறகு அது வெள்ளையாக இல்லை.

அந்த நாற்றத்தை எப்படிச் சொல்வது? ஏற்கெனவே மீன் வாடை ஏறிய மாவு, பூட்டிய இரும்புப் பெட்டி, வெக்கை. ஏசி அதை எல்லா அறைகளுக்கும் பாரபட்சமின்றி அனுப்பிவைத்தது. அலமாரியைத் திறந்து எடுத்துக் கொட்டியிருந்தால் கால் மணி நேரத்து வேலை. ஆனால் திறக்க வேண்டும் என்றால் மாதிரியில் நாற்றம் இருப்பதாக ஒருவர் எழுத வேண்டும். மாதிரியில் நாற்றம் இல்லை என்று வாரியம் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டது. இல்லாத நாற்றத்துக்காக அலமாரியைத் திறக்க விதியில் இடமில்லை.

வாரியம் சமாளித்தது. நிபுணர்கள் மூக்குக்குக் கீழே தைலம் தடவிக்கொண்டு வந்தார்கள். கண்ணீர் வழிய வழியக் கோப்புகளில் கையெழுத்திட்டார்கள். வெளியாட்கள் பார்த்தால் மக்கள் குறைகளுக்காக உருகுகிறார்கள் என்றே நினைப்பார்கள். கூட்டங்கள் வாரிய வரலாற்றில் முதன்முறையாகச் சீக்கிரம் முடிந்தன. நிபுணத்துவ மூக்கு வெளியே போகக் கூடாது என்றவர்கள் எல்லோரும் கள ஆய்வுக்கு மனுப் போட்டார்கள். நாணு மட்டும் தன் அறையில் காலை நீட்டி உட்கார்ந்து டீ குடித்தார். இப்போதெல்லாம் ஆபீஸ் ரொம்ப அமைதியாக இருக்கிறது என்று வந்தனாவிடம் பாராட்டிச் சொன்னார். வந்தனா மூச்சை அடக்கிக்கொண்டிருந்ததால் தலையை மட்டும் ஆட்டினாள்.

பக்கத்துக் கட்டடத்தில் ஓய்வு பெற்ற பெரிய அதிகாரிகள் குடியிருந்தார்கள். அவர்கள் புகார் செய்தார்கள். வாடை நிர்ணய வாரியத்திலிருந்து வாடை வருகிறது என்று வாடை நிர்ணய வாரியத்துக்கே கடிதம் வந்தது. கூட்டம் கூடியது. இந்த முறை காற்றைப் பையில் பிடிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. நாணு கூடத்தின் நடுவே நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, முகம் மலர்ந்தார். எதிரில் இருந்தவர்கள் கைக்குட்டைக்குள்ளிருந்து மலர்ந்தார்கள். புகார் செய்தவர்கள் கௌரவமானவர்கள் என்பதால் 'இருப்பினும் இல்லை' என்று தீர்ப்பாயிற்று.

கோவண்டித் தெரு ஒரு வருஷமாக எழுதிய மனுக்களுக்கு 'இருப்பினும்' என்ற சொல்கூடக் கிடைக்கவில்லை. எனக்கு ஆத்திரம் வருவது அந்த இடத்தில்தான். நாற்றத்தை இல்லை என்று சொன்னதுகூடப் போகட்டும், ஒரு 'இருப்பினும்' போட்டிருந்தால் குறைந்தா போயிருப்பார்கள்?

பிறகு மேலிடத்திலிருந்து ஒருவர் வருடாந்திரப் பார்வைக்கு வந்தார். லிஃப்ட் கதவு திறந்தது. அவர் வெளியே வரவில்லை. லிஃப்டுக்குள் நின்றபடியே ஆபீசை உடனே மாற்றுங்கள் என்றார், நிர்வாகக் காரணங்களுக்காக. கதவு மூடிக்கொண்டது.

எங்கே மாற்றுவது? வாரியத்தின் அலுவலகம், வாரியமே நாற்றம் 'இல்லை' என்று சான்று கொடுத்த இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று அதன் சாசனம் சொல்கிறது. வந்தனா கோப்புகளைப் புரட்டினாள். மாட்டுங்கா, ஆய்வில் உள்ளது. செம்பூர், இருப்பினும் இல்லை. தென் மும்பை முழுவதும் ஆய்வில் உள்ளது. இந்த மாநகரத்தில் சுத்தமாக 'இல்லை' என்று வாரியம் சான்று கொடுத்திருந்தது ஒரே ஓர் இடத்துக்குத்தான். கோவண்டியில் இசக்கியம்மாளின் தெரு.

டெம்போக்கள் வந்தன. உரக் கொட்டகைக்கு எதிரே இருந்த இரண்டு மாடிக் கட்டடத்தில் வாரியம் குடியேறியது. சீல் வைத்த அலமாரியை மட்டும் யாரும் எடுத்து வரவில்லை. அந்த ஐந்தாவது மாடியில் இப்போது வேறொரு துறை இருக்கிறது, அவர்கள் கொடுத்த புகார் ஆய்வில் உள்ளது.

புது ஆபீசில் முதல் நாள் நாணு ஜன்னலைத் திறந்து, "ஆஹா, என்ன காத்து! இத்தனை நாளா இப்படி ஒரு எடம் தெரியாமப் போச்சே!" என்றார். எதிரே மீன் கழிவு லாரி இறங்கிக்கொண்டிருந்தது. அன்று மத்தியானம் நிபுணர்கள் யாரும் டிபன் டப்பாவைத் திறக்கவில்லை. மறுநாள் பாதிப் பேர் மருத்துவ விடுப்பு கேட்டார்கள். சாயங்காலத்துக்குள் வந்தனா சுதனைத் தனியாகக் கூப்பிட்டாள். மூக்குச் சிவந்து, குரல் தழுதழுத்தது.

"சுதன், நீங்க இஞ்சினியர்தானே? அந்தக் கொட்டகையை மூட ஒரு காரணம் கண்டுபிடிங்கோ. எந்தக் காரணம் வேணாலும் சரி."

"வாடைன்னு போடலாமே மேடம்?"

"அது தவிர!"

சுதன் தெருவுக்குப் போய், வெகுநேரம் மேலும் கீழும் பார்த்தான். பட்டப்படிப்பில் படித்ததையெல்லாம் நினைத்துப் பார்த்தான். பிறகு மெயின் ரோட்டில் நின்று பார்த்தால் கொட்டகையின் கூரை வாரியத்தின் பெயர்ப் பலகையை மறைக்கிறது என்று எழுதிக் கொடுத்தான். அரசாங்கப் பலகையை மறைப்பது குற்றம். அந்த வாரமே கொட்டகையைப் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இசக்கியம்மாள் அன்று மாவை அரைத்து, மூடியைத் திறந்து திறந்து முகர்ந்தாள். உளுந்தும் அரிசியும் மட்டுமே மணத்தன. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மாட்டுங்கா ஓட்டல்காரர் பழையபடி தூக்கு அனுப்பினார்.

"ஏல, நாத்தம் அடிச்சதுக்காவ எடுக்கலையா? போர்ட மறைச்சதுக்கா எடுத்தானுவ?"

"ஆமாம்மா."

"அடப் பாவியளா! இது தெரிஞ்சிருந்தா நான் வருஷம் பூரா மனு எழுதிக்கிட்டா கெடப்பேன்? அன்னைக்கே வாசல்ல ஒரு போர்ட மாட்டியிருப்பனே!"

சுதனுக்கு வேலை நிரந்தரமாயிற்று. அதோடு நிபுணர் குழுவில் இடமும் கொடுத்தார்கள். தெரு மறுபடியும் கை தட்டியது. கோவண்டி அனுபவத்துக்குப் பிறகு வாரியம் துணிந்து நேரிலேயே போய் முகர்வது என்று முடிவு செய்திருந்தது, ஏனென்றால் நாணுவுக்கு வெளிக்காற்று பிடித்துப்போயிருந்தது.

உறுப்பினராக அவனுடைய முதல் கள ஆய்வு மான்குர்ட் தாண்டி ஒரு நெருக்கமான தெருவில். ஒரு வீட்டு வாசலில் ஒருத்தி கட்டிலில் அப்பளம் காய வைத்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை புதிதாக எழும்பியிருந்தது. அதன் கூரைத் தகடுகளைப் பார்த்ததுமே சுதனுக்கு அடையாளம் தெரிந்தது. லாரியும் அதே லாரிதான்.

நாணு முதலில் முகர்ந்தார். பிறகு வந்தனா. பிறகு வரிசையாக மற்றவர்கள். கடைசியில் சுதன் நின்றான், கையில் அம்மா கட்டிக் கொடுத்த இட்லி டப்பாவோடு.

அந்தப் பெண் பெரிய அதிகாரிகளை விட்டுவிட்டு அவனிடம் வந்தாள். அவன் முகத்தில் என்ன கண்டாளோ. ஓர் அப்பளத்தை எடுத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"ஸாப், ஆப் ஹி போலோ. பத்பூ ஹை நா?" நீங்களே சொல்லுங்கள், நாறுகிறதுதானே என்று கேட்டாள்.

சுதன் மூச்சை இழுத்தான். போன வருஷம் அம்மாவின் மாவில் இருந்த அதே நாற்றம். பதில் சொல்ல வாயைத் திறந்தான். திறந்தவன், என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக, நாணுவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தான்.